ஓரத்தில் ஒதுக்கியது

கிர்காவில் ஒரு சந்து, ஆறு மேசைச் சாப்பாட்டுக்கடை.
வெள்ளிக்கிழமை மட்டும் பாங்டா திக்லே.
வெள்ளியன்று எங்களுக்கு இறைச்சி விலக்கு,
மீனுக்கு விலக்கில்லை.
இந்த ஒரு சட்டத்தை மட்டும்
நான் பிசகாமல் கடைப்பிடிக்கிறேன்.

பாங்டா என்றால் நம் காணாங்கெளுத்திதான்.
பம்பாய்க்கு வந்து பெயரை மாற்றிக்கொண்டது.
எனக்கும் மாறித்தான் போனது:
தூத்துக்குடியில் ஜெசிந்தா,
இங்கே மீன்காரிகளுக்கு "மத்ராஸி பாபி."

முதல் வாய் புளிப்பு. கோகம், அது தெரியும்.
இரண்டாவது காரம். பேட்கி மிளகாய், நிறமே சொல்லிவிடும்.
மூன்றாவது வாயில்
யாரோ நாக்கு நுனியில்
டார்ச் பாட்டரியைத் தொட்டு எடுத்தார்கள்.

மிளகில்லை.
கிராம்புக்கு இந்தக் குறும்பு வராது.
எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய வாசம் ஒன்று
வந்து, நான் திரும்புவதற்குள் போய்விட்டது.

சயான் கோலிவாடா வீட்டில் நான்கு ஞாயிறு
நான்கு காணாங்கெளுத்திக் குழம்பு.
வால்மிளகு போட்டேன். ஓமம் போட்டேன்.
நாரத்தை இலையைக் கிழித்துக்கூடப் போட்டேன்.
இவர் ஒன்றும் சொல்லவில்லை, மோர் கேட்டார்.
"அம்மா, இது குழம்பா கஷாயமா?"
என்றாள் ஷைனி.

கல்லாவில் சுலபா பரப்.
மீனை மோந்து மோந்து தின்கிறவளை
எந்தக் கடைக்காரிக்குப் பிடிக்கும்?
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்டாள்:
முனிசிபாலிட்டியா?
இல்லை.
பக்கத்தில் கடை போடப்போகிறாயா?
இல்லை.
பின்னே?
வீட்டில் சமைக்கிறேன்.
அதைத்தான் அவள் நம்பவில்லை.

ஐந்தாவது வெள்ளி.
தட்டு எடுக்க வந்த பையன் ஒரு நொடி தாமதித்தான்,
அந்த நொடியில் பார்த்தேன்:
தட்டின் ஓரம், முள்ளுக்குப் பக்கத்தில்
கறுத்து வாய்பிளந்த ஒரு தோடு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது.
வாராவாரம் பல்லில் படுமுன்
கல் என்று, குச்சி என்று
நாகரிகமாக நான் ஒதுக்கி வைத்தது.

கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்,
கோயிலுக்குக் காசு முடிவதுபோல.

லால்பாக் மசாலாச் சந்தில்
மிளகாய் இடிக்கும் இயந்திரங்கள்,
தும்மாமல் யாரும் விலை பேச முடியாது.
முடிச்சை அவிழ்த்தேன்.
கடைக்காரர் மோந்துகூடப் பார்க்கவில்லை.
"திர்பள். நூறு கிராமா?"

என் ஐந்து வாரம்
அவருக்கு மூன்று சொல்.

விதையை எறி, தோட்டை மட்டும் லேசாகத் தட்டு,
இறக்கும்போது போடு, தின்னாதே என்றார்.
நான் நல்ல மாணவியில்லை.
மிக்ஸியில் அரைத்தேன், ஒரு கை நிறைய.

அன்று இரவு எங்கள் வீட்டில்
மூன்று பேருக்கும் நாக்கு இல்லை.
பல் டாக்டர் ஊசி போட்டதுபோல
உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள் ஷைனி.
இவர் ஏதோ சொல்ல வந்தார்,
"ழ" வரவில்லை.
பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக
ஒரே குழம்பைப் பற்றி மூவருக்கும் ஒரே கருத்து.

சுலபாவிடம் போய்ச் சொன்னேன், எதையும் மறைக்காமல்.
கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டுச்
சிரித்தாள், மேசை பிடித்துச் சிரித்தாள்,
உள்ளே கூப்பிட்டுச் சட்டியைக் காட்டினாள்:
ஒரு கிலோ மீனுக்கு எட்டே எட்டுத் தோடு,
குழம்பின் மேல் குட்டித் தவளைகளாக.

உங்கள் ஊரில் மீனுக்கு என்ன போடுவீர்கள்?
மாங்காய், தேங்காய், சின்ன வெங்காயம்,
எங்கள் வீட்டில் கொஞ்சம் சோம்பு.

சிரிப்பு நின்றது.
சோம்பா?
மீனிலா?
யாரோ இறந்துவிட்ட முகம்.

கொஞ்ச நேரம் கரண்டியைக் கழுவினாள்.
பிறகு, திரும்பாமலே:
அடுத்த வெள்ளி ஒரு டப்பா கொண்டு வா,
தின்று பார்க்கிறேன்.
சோம்பு வேண்டாம்.

சரி என்று தலையாட்டிவிட்டு
சர்னி ரோட்டில் ரயிலேறினேன்.
கைக்குட்டையை மூன்று தடவை துவைத்தாயிற்று,
இன்னும் அந்த எலுமிச்சை வாசம்.

சோம்பு போட்டுத்தான் கொண்டுபோவேன்.